மலையில் புழு வளர்ப்பு: நாரத்தை மரத்து முட்டையும் உருளைச் செடிப் புழுவும்

கோத்தகிரிப் பக்கம் ஒரு வீட்டுக் கொல்லையில் இருக்கும் நாரத்தை மரத்திலிருந்து எடுத்த பட்டாம்பூச்சி முட்டைகளையும், அதே கொல்லையின் உருளைக்கிழங்குப் பாத்தியிலிருந்து எடுத்த பெரிய விட்டில் (அந்துப்பூச்சி) புழுக்களையும் வளர்த்த பதிவு இது. சமவெளிக்காரர்கள் சொல்லும் வளர்ப்பு முறையை இங்கே அப்படியே செய்தால் பெட்டியில் பூசணம் பிடித்துவிடும். பழியைக் குளிர் மேல் போடுவது வழக்கம். ஆனால் குளிரில் புழு மெதுவாகத் தின்று மெதுவாக வளரும், அவ்வளவுதான். அப்படிக் கூடிப்போகும் நாட்களை ஈரம் வடியாத பெட்டிக்குள் அது கழிக்க வேண்டியிருப்பதுதான் ஆபத்து. கீழே சொல்லும் வேலைகளில் பெரும்பாலானவை ஈரத்தை வெளியேற்றும் வேலைகளே.

எந்தப் புழு என்று பார்ப்பது

முதலில் செடியின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். புழுவின் பெயரில் பாதி அதிலேயே வந்துவிடும். எலுமிச்சை, நாரத்தை, ஆரஞ்சு, கறிவேப்பிலையில் இருந்தால் எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி, நீல அழகி என்று மூன்று பட்டாம்பூச்சிப் பெயருக்குள் முதலில் தேடுங்கள். எருக்கில் இருந்தால் வெந்தய வரியன், அரளியில் வெண்புள்ளிக் கருப்பன். ஈஸ்வரமூலி வகைக் கொடியில் ரோஜா அழகியோ சிவப்புடல் அழகியோ இருக்கலாம். தரையில் ஊர்ந்துபோகும் புழுவை மட்டும் கொண்டுவந்து "இது என்ன?" என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். அது தின்று முடித்துக் கூடு கட்ட இடம் தேடிப் போய்க்கொண்டிருக்கும், செடியோடு அதற்கு வேலை முடிந்திருக்கும். அந்தப் புழுவுக்கு இலை போட்டும் பயனில்லை. காய்ந்த குச்சியும் கொஞ்சம் மண்ணும் வைத்தால் போதும்.

அடுத்து கால்களை எண்ணுங்கள். தலைக்குப் பின்னால் மூன்று ஜோடி உண்மையான கால். அதன் பிறகு கொஞ்சம் இடைவெளி விட்டு நடு உடலில் நான்கு ஜோடி சதைப்பற்றுள்ள பொய்க்கால், வால் முனையில் ஒரு ஜோடி. பெரும்பாலான பட்டாம்பூச்சிப் புழுக்களுக்கும் பல விட்டில் புழுக்களுக்கும் இதுதான் கணக்கு. நடுவில் ஒரு ஜோடியும் வாலில் ஒரு ஜோடியும் மட்டும் இருந்து, உடலை வில்லாக வளைத்து அளந்து நடந்தால் அது விட்டில் வகை. பொய்க்கால் ஆறு ஜோடியோ அதற்கு மேலோ இருந்தால் அது இந்த இனமே இல்லை, ரம்பக் குளவியின் புழு. எத்தனை நாள் இலை போட்டாலும் அதிலிருந்து பட்டாம்பூச்சி வராது.

உடலில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய சதைக் கொம்புகள் எருக்கு, அரளிக் கூட்டத்துக்கு நல்ல அடையாளம். மூன்று ஜோடி என்றால் வெந்தய வரியன், நான்கு ஜோடி என்றால் வெண்புள்ளிக் கருப்பன். (எருக்கம்பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், காயமும் ஆகும். இலை பறித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் முகத்தைத் தொடக் கூடாது.) வாலுக்கு மேல் ஒற்றைக் கொம்பு இருந்தால் பருந்து விட்டில். தொட்டவுடன் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற ஒரு சதை வெளியே வந்து காரமான வாடை அடித்தால் அழகிகளின் குடும்பம்.

முட்டைக்கோஸில் இருக்கும் பச்சைப் புழுவை எல்லாரும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். அரை அங்குலம்கூட இல்லாமல், இரு முனையும் கூராக, தொட்டதும் துடித்துப் பின்வாங்கி நூல் விட்டுத் தொங்கினால் அது வைரமுதுகு விட்டில். மெல்லிய ரோமத்தோடு வெல்வெட் போல, அசையாமல் நரம்பை ஒட்டிப் படுத்திருப்பது கோஸ் வெள்ளைப் பட்டாம்பூச்சியின் புழு. இரண்டையும் வளர்க்கலாம். ஆனால் தோட்டத்துக் கோஸ் இலையை நம்பாதீர்கள், மருந்து அடிக்காத கோஸ் இந்த மலையில் அரிது.

முள்ளும் கம்பளி ரோமமும் உள்ளவற்றை வெறும் கையால் தொடவே கூடாது. தேயிலையில் இருக்கும் நத்தை போன்ற முட்புழு கொட்டினால் நெருப்புச் சுட்டது போலிருக்கும். பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள். செல்லோடேப்பை மெதுவாக ஒட்டி ஒட்டி எடுத்து ரோமத்தை நீக்கிவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவி, குளிர்ந்த துணி வையுங்கள். கண்ணில் பட்டாலோ மூச்சு இறுகினாலோ நேராக ஆஸ்பத்திரிதான். செந்தட்டியிலும் இதே எச்சரிக்கை, அங்கே கொட்டுவது செடி. அதன் இலையை மடித்துக் கூடாரமாக்கி உள்ளே இருக்கும் புழு பெரும்பாலும் இந்தியன் ரெட் அட்மிரல். தடித்த ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, கத்தரியால் கிளையோடு வெட்டி எடுக்க வேண்டும்.

எடுப்பது வீட்டுத் தோட்டத்திலிருந்து மட்டும். காப்புக்காடு, முக்குருத்தி தேசியப் பூங்கா, அந்தப் பக்கம் கொடைக்கானல் சரணாலயம் என்று எங்கேயும் ஒரு இலைகூட எடுக்கக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் பட்டாம்பூச்சிகளும் இருக்கின்றன.

நாரத்தை மரத்து முட்டைகள்

முட்டை கடுகை விடச் சற்றுச் சிறியது, வெளிர் மஞ்சள், உருண்டை. கொழுந்து இலையில் ஒன்றொன்றாக ஒட்டியிருக்கும். வளர்ந்த புழுவைவிட முட்டையை எடுப்பது நல்லது. வெளியே வளர்ந்த புழுவில் குளவியோ ஒட்டுண்ணி ஈயோ ஏற்கெனவே முட்டை வைத்திருக்க வாய்ப்பு அதிகம், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. முட்டையைச் சுரண்டாமல் இலையோடு கிள்ளி எடுக்க வேண்டும்.

முதல் பெட்டி 250 மில்லி பிளாஸ்டிக் டப்பா. அடியில் செய்தித்தாள் இரண்டு மடிப்பு. டிஷ்யூ பேப்பர் ஈரத்தை உறிஞ்சிக் கூழாகிவிடுகிறது, செய்தித்தாள் தாங்குகிறது. மூடியின் நடுவை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பழைய வேட்டித் துணியை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டினோம். ஊசியால் நாலு ஓட்டை போட்ட மூடி சமவெளிக்குப் போதும். இங்கே காலையில் திறந்தால் உள்சுவர் முழுக்க நீர்த்துளி நிற்கிறது. இரண்டு மூன்று மில்லிமீட்டரே நீளமுள்ள குஞ்சுப் புழு அதில் ஒட்டிக்கொண்டால் மீளாது.

முட்டை பொரிக்க 6 நாள். சமவெளியில் 3 நாள் என்பார்கள், 20 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் அறையில் அது இரட்டிப்பாகிறது. புழுக் காலம் கிட்டத்தட்ட 4 வாரம், கூட்டுக் காலம் 16 முதல் 20 நாள். பெட்டியில் ஒன்றும் நடக்கவில்லை என்று பதறி பல்புக்கு அடியிலோ கும்முட்டிக்குப் பக்கத்திலோ வைக்காதீர்கள். பகலில் சூடும் இரவில் குளிருமாக மாறினால் பெட்டிக்குள் நீர் கோத்துக்கொள்ளும், கரிப்புகையும் சேர்ந்துகொள்ளும். ஜன்னலோர வெயிலும் வேண்டாம், மூடிய பெட்டி பத்து நிமிடத்தில் அடுப்பாகிவிடும். வெளிச்சம் வரும், நேர் வெயில் படாத உள்சுவர் அலமாரிதான் சரியான இடம்.

குஞ்சுப் புழு பறவை எச்சம் போலவே இருக்கும்: கறுப்பு, நடுவில் வெள்ளைத் திட்டு, ஈரம் மின்னும். நான்கு முறை தோல் உரித்த பிறகுதான் பச்சையாகும். அதுவரை கொழுந்து இலை, அதற்குப் பிறகு முற்றிய இலை. கடைசித் தோலில் (நான்காம் முறை உரித்த பிறகு) இருக்கும் புழு அதற்கு முன் தின்ற எல்லாவற்றையும்விடப் பல மடங்கு தின்னும். நாளுக்கு ஐந்தாறு முழு இலை ஒரு புழுவுக்கு என்று கணக்கு வைத்து, அவ்வளவு இலை கொடுக்கும் மரம் இருந்தால் மட்டும் எடுங்கள். ஒரு தொட்டிக் கறிவேப்பிலையை நம்பிப் பத்துப் புழு எடுத்தால் மூன்றாம் வாரம் செடியும் இருக்காது, புழுவும் இருக்காது. நாரத்தையில் பிறந்ததைப் பாதியில் கறிவேப்பிலைக்கு மாற்றினால் சில தின்னும், சில பட்டினி கிடந்தே சாகும்.

இலை பறிப்பது காலை பத்து மணிக்கு மேல், பனி காய்ந்த பிறகு. மழை நாளென்றால் பறித்த இலையைக் கழுவி, உதறி, துணியில் பரப்பி ஒரு மணி நேரம் காயவிட்டுத்தான் போட வேண்டும். கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, கூடலூர்ப் பக்கம் ஆனி, ஆடியில். அந்த மாதங்களில் இலையைக் காயவைப்பதுதான் அன்றைய வேலையில் பாதி. ஈர இலையைத் தின்றால் புழுக்கை இளகிப் பெட்டியில் அப்பிக்கொள்ளும், இரண்டு நாளில் பூசணம். புழுக்கை உலர்ந்த மிளகு மாதிரி உருண்டு விழ வேண்டும். தினமும் காலையில் அதைத்தான் முதலில் பார்க்கிறோம், புழுவைப் பிறகு.

மூன்றாம் தோலிலிருந்து வலைக்கூண்டு. சந்தையில் கிடைக்கும் மடக்கு வலைக்கூடை போதும், அடியில் செய்தித்தாள். இலைக் கிளையைத் தண்ணீர் பாட்டிலில் நிறுத்தும்போது பாட்டில் வாயைப் பஞ்சால் இடைவெளியில்லாமல் அடைக்க வேண்டும். காம்பு வழியாக இறங்கிப் போய் மூழ்கிச் சாவது புழு வளர்ப்பில் மிகச் சாதாரணமாக நடக்கிற இழப்பு. கூண்டின் நான்கு காலடியிலும் தண்ணீர்க் கிண்ணம், எறும்புக்காக.

தோல் உரிக்கும் முன் புழு ஒரு நாளோ ஒன்றரை நாளோ அசையாமல் இருக்கும். தலைக்குப் பின்னால் கழுத்துப் பக்கம் புடைத்துத் தெரியும். நோய் என்று நினைத்து இழுத்து இடம் மாற்றினால் பொய்க்கால் கொக்கிகள் அது காலடியில் நெய்த நூல் விரிப்பில் சிக்கிக் கிழியும், தோல் பாதியில் நின்றுவிடும். புழு இருக்கும் இலையை வெட்டிப் புது இலை மேல் வையுங்கள், அதுவாக நகர்ந்துகொள்ளும். குஞ்சுகளைத் தூக்க வேண்டியிருந்தால் ஓவியம் வரையும் மெல்லிய தூரிகை. உரித்த தோலை எடுத்துப் போடாதீர்கள், அதைத் தின்றுவிட்டுத்தான் அடுத்த இலைக்குப் போகும்.

கூடு கட்டும் நாளை ஒரு அடையாளம் சொல்லிவிடும். உருண்டையாக விழுந்த புழுக்கைக்குப் பதில் ஒரே ஒரு முறை நீர்த்த எச்சம் பெரிதாக விழும். குடலைக் காலி செய்கிறது. பிறகு மணிக்கணக்கில் கூண்டைச் சுற்றும். இதை வயிற்றுப்போக்கு என்று பயப்பட வேண்டாம். காய்ந்த குச்சிகளைச் சாய்வாக வைத்துவிட்டு விலகிவிடுங்கள். வால் முனைக்கு ஒரு நூல் திண்டும் இடுப்புக்கு ஒரு நூல் கச்சையும் கட்டிச் சாய்ந்து நிற்கும். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ கடைசித் தோல் கழன்று கூடாகும். பச்சை இலைக்கு நடுவே கட்டினால் பெரும்பாலும் பச்சைக் கூடு, சொரசொரப்பான குச்சியில் பழுப்பு.

இங்கேதான் ஒரு கூடு கச்சை அறுந்து கீழே விழுந்தது. விழுந்த கூட்டைத் தரையில் விட்டால் பட்டாம்பூச்சி வெளியே வந்து தொங்க இடமில்லாமல் இறகு சுருங்கியே காயும், பிறகு பறக்காது. செய்தது இதுதான்: தினத்தாளில் நாலு விரல் நீளத்துக்கு ஒரு கூம்பு, கடலைப் பொட்டலம் மடிப்பது போல. கூட்டை வால் கீழே, தலை மேலே இருக்கும்படி அதில் இறக்கி, பாதி உடல் வெளியே தெரியும்படி கூம்பின் வாயை வெட்டி, கூண்டுச் சுவரில் முரட்டுப் பருத்தித் துணியைத் தைத்து, அதன்மேல் கூம்பைக் குண்டூசியால் பொருத்தினோம். வெளியே வந்ததும் துணியைப் பிடித்து ஏற வேண்டும் என்பதே கணக்கு. வழவழப்பான பிளாஸ்டிக் சுவரில் வைத்தால் இந்த வேலை வீண். புதிதாக உரித்த கூடு மெழுகு போல மென்மையானது, ஒரு நாள் முழுக்கக் கழித்துத் தொட்டால்தான் நசுங்காது.

வெளிவருவதற்கு முந்தைய நாள் கூடு கறுத்து, இறகின் நிறம் உள்ளிருந்து தெரியும். பெரும்பாலும் காலையில் வெளிவரும். இறகு விரிய கால் மணி, அரை மணி. காய்ந்து பறக்கத் தயாராக இங்கே அரை நாள் ஆகிறது. அப்போது கீழே சொட்டும் பழுப்புத் திரவம் ரத்தமல்ல. நாரத்தை மரத்து முட்டை எல்லாம் எலுமிச்சை அழகி என்று முதலில் குறித்தது தவறு: பின்னிறகில் வால் இல்லாதவை எலுமிச்சை அழகி, வாலுள்ளவை கறிவேப்பிலை அழகி, இரண்டும் ஒரே மரத்தில் இருந்தன. கறிவேப்பிலை அழகியின் பெண் பூச்சி வேறு மாதிரியும் வரும். ஆணைப் போல ஒரு வடிவம், ரோஜா அழகியைப் போல ஒன்று, சிவப்புடல் அழகியைப் போல ஒன்று. சிவப்புத் திட்டுள்ள பூச்சி வெளியே வந்ததைப் பார்த்துக் குறிப்பேட்டை அடித்துத் திருத்திவிடாதீர்கள்.

கெட்டுப்போனவை, காரணங்கள்

மருந்துதான் முதல் சந்தேகம். கடையில் வாங்கிய கறிவேப்பிலை, நர்சரியில் வாங்கிய புதுச் செடி, தேயிலைக்கு மருந்து அடிக்கும்போது காற்று வாக்கில் இருக்கும் மரம் என்று மூன்றுமே ஆபத்து. வேர் வழி ஏறும் மருந்து கொடுத்த தொட்டிச் செடியை எத்தனை முறை கழுவினாலும் விஷம் இலைக்குள்தான் இருக்கும். வேப்பெண்ணெய் இயற்கையானது என்று அடித்துவிட்டு அதே இலையைப் போடுகிறார்கள், அதுவும் புழுவின் தோல் உரிப்பைக் கெடுக்கும். மருந்துபட்ட புழு துடிக்கும், பச்சையாக வாந்தி எடுக்கும், பிடி விட்டு விழும். கொசுவத்தி, கொசு விரட்டும் திரவ மெஷின், அலமாரி நாப்தலீன் உருண்டை எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது. புது மரத்து இலையென்றால் முதலில் ஒரே ஒரு புழுவுக்குப் போட்டு இரண்டு நாள் பாருங்கள்.

புழு தலைகீழாகவோ, நடுவில் மட்டும் பிடித்து இரு முனையும் தொங்கவோ கறுத்துக் கூழாகி நாறினால் வைரஸ். அந்தக் கூண்டில் இருக்கும் மற்றவற்றைத் தனித்தனி டப்பாவுக்கு மாற்றி, கூண்டை வீட்டு ப்ளீச் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து 20 நிமிடம் ஊறவைத்து, அலசி, வாடை போகும்வரை வெயிலில் போட வேண்டும். செத்த புழு குச்சி போல விறைத்து மேலே வெள்ளை மாவு பூத்தால் பூஞ்சை, அதற்குக் காரணம் ஈரம். ஒரு டப்பாவில் நெருக்கி வளர்ப்பது இரண்டையும் பரப்பும். பெரிய புழுவென்றால் ஒரு அடிக் கூண்டுக்கு ஐந்துக்கு மேல் நாங்கள் வைப்பதில்லை.

புழுவின் பக்கத்தில் அரிசி மணி போல வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருந்தால் குளவி. பட்டாம்பூச்சிக் கூட்டின் மேல் குண்டூசி முனை அளவு ஓட்டை இருந்து உள்ளே ஒன்றுமில்லை என்றால் சிறு குளவிகள், அவை புதிதாக உரித்த மென்மையான கூட்டைத் தேடி வந்து முட்டை வைப்பவை. அதனால் கூண்டின் வலைக்கு மேலேயும் அந்த இரண்டு நாள் மெல்லிய துணி போர்த்துகிறோம். கூட்டிலிருந்து வெள்ளைப் புழு கீழே இறங்கினால் ஒட்டுண்ணி ஈ. இவற்றைக் கொல்ல வேண்டாம். எந்தப் புழுவில் எது வந்தது என்று எழுதி வைத்தால் அதுவும் பதிவுதான், தோட்டத்துக்கும் அவை வேண்டியவை.

உருளைச் செடிப் புழு

விரலை விட நீளம், தடிமனும் அப்படியே. வாலுக்கு மேல் சொரசொரப்பான, சுருண்ட கொம்பு. பக்கவாட்டில் சாய்ந்த பட்டைகள். எடுத்தால் தாடையை உரசி டிக் டிக் என்று சத்தம் போடும். மண்டையோட்டு விட்டிலின் புழு இது. கொம்பு கொட்டாது. உருளையில் மட்டுமல்ல, ஊமத்தை, உண்ணிச்செடி, மிளகுக்கு நட்ட முள்முருங்கையிலும் இருக்கும். விட்டிலின் முதுகில் மண்டையோடு போல ஒரு குறி இருப்பதால் வீட்டுக்கு ஆகாது என்று அடித்துக் கொல்கிறார்கள். அது யாரையும் எதுவும் செய்யாது, தேன் திருடத் தேனீக் கூட்டுக்குள் போகும், அவ்வளவுதான்.

இது மண்ணுக்குள் கூடாகும் வகை. குச்சி வைத்துக் காத்திருந்தால் கூண்டைச் சுற்றிச் சுற்றியே களைத்துப் போகும். பத்து அங்குலப் பிளாஸ்டிக் வாளியில் செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, ஆறு அங்குலம் உயரத்துக்குத் தளர்வாக. நார்க்கழிவை நன்றாகக் கழுவிப் பிழிந்துதான் சேர்க்க வேண்டும். கொல்லை மண்ணென்றால் வெயிலில் பரப்பிக் காயவைத்து, எறும்பும் பூரானும் போன பிறகு சலித்துச் சேருங்கள். ஈரப் பதம் இப்படி: ஒரு பிடி அள்ளி அழுத்தினால் கொழுக்கட்டை போலப் பிடிக்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீரும் கசியக் கூடாது. கசிந்தால் கூடு அழுகும். பிடிக்கவே இல்லையென்றால் புழு குடையும் அறை இடிந்துவிடும்.

நிறம் மங்கி, தின்பதை நிறுத்தி ஓட ஆரம்பித்ததும் வாளியில் விட வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் புதைந்துவிடும். ஒரு நாள் கழித்தும் மேலேயே இருந்தால் மண் இறுகியிருக்கிறது அல்லது ஈரம் தவறு, மாற்றிப் பாருங்கள். புதைந்த பிறகு குறைந்தது மூன்று வாரம் வாளியை நகர்த்தவோ தோண்டவோ கூடாது. உள்ளே அது முதலில் ஒரு அறை குடைந்து அதன் சுவரை அழுத்திப் பூசுகிறது, பிறகுதான் தோல் உரிக்கிறது. சமவெளிக் கணக்கில் இரண்டாம் வாரமே தோண்டிய முதல் வாளியில் புழு பாதி உரித்த நிலையில் இருந்தது, அது பிழைக்கவில்லை. இங்கே குளிர் அந்த வேலையையும் நீட்டிவிடுகிறது.

வாளியின் உள்விளிம்புக்குச் சாக்குத் துணியைச் சுற்றி ஒட்டி, நடுவில் முரட்டுப் பட்டையுள்ள இரண்டு குச்சியும் நட வேண்டும். விட்டில் மண்ணைப் பிளந்து வந்ததும் உடனே ஏறித் தொங்க வேண்டும், வழவழப்பான வாளிச் சுவரில் அதற்குப் பிடி கிடைக்காது. கையில் எடுத்தால் எலிக்குஞ்சு போலக் கீச்சிடும், பயந்து போட்டுவிடாதீர்கள்.

விடுவதில் ஒரு விஷயம். பட்டாம்பூச்சியை மேகம் இறங்கியிருக்கும் காலையில் விடாதீர்கள், நனைந்து புல்லில் கிடக்கும். வெயில் வந்து ஒரு மணி நேரம் கழித்து, முட்டை எடுத்த அதே தோட்டத்தில் விடுங்கள். வெயிலே வராத நாளென்றால் ஒரு பங்கு சர்க்கரைக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து பஞ்சில் நனைத்து, காலால் அது பஞ்சைத் தொடும்படி வைத்தால் ஓரிரு நாள் தாங்கும். விட்டிலை அந்தி சாய்ந்த பிறகு, தெருவிளக்குக்குத் தள்ளி.

இரண்டாம் வாளியில் புதைந்தது இன்னும் வெளிவரவில்லை. ஏழாம் வாரம். வாளியைத் திறக்கவில்லை. வாரத்துக்கு ஒரு முறை ஓரத்தில் மட்டும் இரண்டு தேக்கரண்டி தண்ணீர், மேலே ஈரச் சாக்கு இல்லை, குச்சிகள் நட்டபடியே இருக்கின்றன.